செராமிக் கிளட்ச் பிளேட்டா, ஆர்கானிக் கிளட்ச் பிளேட்டா? பாம்பன் பாலம் ஏறினால் தெரிந்துவிடும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாம்பன் பாலத்தில் கார் ஓட்டியவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். 2025-இல் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்க ஆளாளுக்கு வண்டியை ஓரங்கட்டுவார்கள். இரண்டேகால் கிலோமீட்டரையும் உருட்டிக்கொண்டேதான் கடக்க வேண்டும். அப்படி ஒரு நாளில், செராமிக் கிளட்ச் பிளேட் போட்ட கீழக்கரை நண்பனின் காரை நான் ஓட்டினேன். கிளட்சை விட்டால் கார் நகரவில்லை, குதித்தது. பெடலில் முக்கால்வாசி தூரம் ஒன்றுமே இல்லை, அடுத்த விரற்கடையில் முழுப்பிடி. பின்சீட்டிலிருந்த அவனுடைய உம்மா, "தம்பி, லைசன்ஸ் இருக்குல்ல?" என்றார்.

எங்கள் இருவரிடமும் ஒரே மாடல் கார்தான். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், கம்பெனி டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) 175 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்த பிறகு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிய பிறகு, 200-ஐத் தாண்டிவிட்டது. இருவருக்கும் வந்த நோவும் ஒன்றே. ஐந்தாவது கியரில் 2000 ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் ஆர்பிஎம் முள் எகிறும், ஸ்பீடோமீட்டர் முள் அப்படியே நிற்கும். கிளட்ச் பிடி வழுக்குகிறது, இதுதான் ஸ்லிப். டர்போ தன் டார்க்கைக் கீழ் ஆர்பிஎம்மிலேயே கொட்டிவிடுவதால் ஸ்லிப் முதலில் மேல் கியரில்தான் தலைகாட்டும். முதல் கியரில் ஓட்டிப் பார்த்துவிட்டு "கிளட்ச் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

அவன் ஆறு துண்டு செராமிக் பிளேட் போட்டான். நான் வழக்கமான ஆர்கானிக் பிளேட்டையே வைத்துக்கொண்டு, அதை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை மட்டும் கெட்டியானதாகப் போட்டேன். அவனுடையது உராய்வைக் கூட்டும் வழி, என்னுடையது அமுக்கும் விசையைக் கூட்டும் வழி. ஸ்லிப் இரண்டிலும் நின்றது. வித்தியாசம் அப்புறம்தான் தெரிந்தது.

செராமிக்கின் பலம் சூட்டைத் தாங்குவது. பலவீனம், ஹாஃப் கிளட்ச் (பாதிப் பிடியில் மெல்ல நகர்த்துவது) என்ற ஒன்றே அதற்குக் கிடையாது. ஒன்று பிடிக்கும், இல்லையென்றால் விடும். நெரிசலில் இழுத்து விட்டால் கார் முழுக்க நடுக்கம். பிளேட் உரசும் இன்ஜின் பக்கச் சக்கரமான ஃபிளைவீலையும் ஆர்கானிக்கைவிடச் சீக்கிரம் தின்றுவிடும். என் செட்டில் கார் பஞ்சு போலக் கிளம்புகிறது, ஆனால் பெடல் கல். ராமநாதபுரத்திலிருந்து மதுரை போய் வந்தால் இடது முழங்கால் பேசும். கூடுதல் விசை முழுவதும், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மேலும், அதைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் மேலும்தான் விழுகிறது. அவை எனக்குச் சீக்கிரம் செலவு வைக்கும் என்று தெரிந்தேதான் போட்டேன்.

தனுஷ்கோடியில் இன்னொரு பாடம். அரிச்சல்முனை ரோட்டில் காற்று மணலைக் கொண்டுவந்து ஓரத்தில் கொட்டி வைத்திருக்கும். அதில் சக்கரத்தை இறக்கினோம், இருவரும் மாட்டினோம். என் காரில் ஹாஃப் கிளட்சில் மெதுவாக ஏற்றப் பார்த்தேன், ரப்பர் கருகுவது போல நாற்றம். வெளியே வந்துவிட்டேன், ஆனால் இரண்டு நாள் லேசாக ஸ்லிப் அடித்தது. அவனுடைய பிளேட்டில் நாற்றமே இல்லை, ஆனால் ஒரே பிடியாகப் பிடித்ததில் சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டது. வேனுக்குக் கயிறு கட்டித்தான் இழுத்தோம்.

ஆனால் எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், உண்மையில் போனது பிளேட்தானா என்று பாருங்கள். உச்சிப்புளியில் ஒரு தம்பி, ரிவர்ஸ் விழவில்லை, கரகரவென்று சத்தம் என்று செராமிக் செட் ஆர்டர் போடப் போனான். அது ஸ்லிப்பே இல்லை, கிளட்ச் முழுசாக விடுபடாத கோளாறு. ஃப்ளூயிட் டப்பா மூடியைத் திறந்தால், பெடல் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஃப்ளூயிட் பழைய டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. டாட் 4 ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம் கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஃப்ளூயிட் மாற்றி, லைனில் ஏர் எடுத்ததும் ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுந்தது. பெடலை மிதித்தால் சத்தம் வருகிறதென்றால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மாதக்கணக்கில் கடலோரம் நிறுத்திய வண்டியென்றால் ஃபிளைவீலில் துருப்பிடித்து பிளேட் ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு.

என்னைக் கேட்டால், ஊருக்குள்ளும் ஈசிஆரிலும் ஓட்டும் காருக்கு ஆர்கானிக்கும் கெட்டி பிரஷர் பிளேட்டும் போதும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குக்கு அடிக்கடி போகிறவர்கள் செராமிக் போடலாம். எதைப் போட்டாலும் கியர்பாக்ஸை இறக்கிய அன்றே ரிலீஸ் பேரிங்கை மாற்றி, ஃபிளைவீல் முகத்தைக் கடைசல் பிடித்து, கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். லேபர் கூலியில் பாதிக்கு மேல் இறக்கி ஏற்றுவதற்குத்தான். புது பிளேட்டை முதல் 500 கிலோமீட்டர் நெரிசலில் மெதுவாக ஓட்டிப் பழக்குங்கள், ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து டர்போவின் முழு பூஸ்ட்டையும் கொடுக்க வேண்டாம்.

நண்பன் செராமிக்கை இன்னும் மாற்றவில்லை. அவனுடைய உம்மா மட்டும் பாம்பன் தாண்டிப் போவதென்றால் என் காரைத்தான் கேட்கிறார்.