ஓரமா, சற்று உள்ளேயா: புளியரைச் சாலையில் சைக்கிள்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரளம் செல்லும் மலைச்சாலையில், ஓரத்தை ஒட்டி ஓட்டுவதா, ஒரு மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டுவதா என்று சைக்கிளோட்டிகள் பலர் தயங்குகிறார்கள்.

பார்வை: ஓரமாகச் செல்பவர் இடப்பக்க வளைவில் பாறைச் சரிவுக்குப் பின் மறைந்துவிடுகிறார், உள்ளே செல்பவர் லாரி ஓட்டுநரின் கண்ணில் முன்னதாகவே படுகிறார்.

தரை: ஓரத்தில் லாரிகள் சிந்திய எம்-சாண்டும் சல்லியும் கிடப்பதால் முன்சக்கரம் வழுக்கும், உள்ளே அந்தத் தொல்லை குறைவு.

முந்துதல்: ஓரமாகச் சென்றால், எதிரே பேருந்து வரும்போதும் இடுக்கில் நுழைந்து முந்திவிடலாம் என்ற துணிச்சல் வாகன ஓட்டிகளுக்கு வந்துவிடுகிறது, உள்ளே சென்றால் அவர்கள் எதிர்ப்பக்கம் காலியாகும்வரை காத்திருந்தே முந்த வேண்டும், அந்தச் சில விநாடிப் பொறுமையை அவர்களிடம் நாம் உரிமையோடு கேட்கலாம்.

குறுகிய வளைவுகளுக்கு உள்ளே செல்வதே ஏற்றது. செங்கோட்டைப் பக்கத்து நேர்ச்சாலைக்கு ஓரம் போதும். இருட்டிய பின் எங்கே ஓட்டினாலும் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்தாக வேண்டும்.