தஞ்சை அரண்மனையா, பத்மநாபபுரமா?

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், நீங்கள் பார்க்க நினைப்பது சிலையா, வீடா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் நாயக்கர் கட்டி மராட்டியர் பெருக்கிய அரண்மனை, 1951 முதல் கலைக்கூடமாக இருக்கிறது. இங்கே கட்டடம் வெறும் பெட்டி. சரக்கு, சோழர் காலச் செப்புத்திருமேனிகள். திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் (1011), அதாவது காளையோடு நிற்கும் சிவன், ஒருவருக்காகவே போகலாம். காளை காணாமல் போய்விட்டது. ஆனாலும் காலை மாற்றி வைத்து, இல்லாத காளையின் மேல் கையைச் சாய்த்து நிற்கும் ஒயிலில் காளையும் தெரிகிறது. எதிரே நின்று படம் எடுத்துவிட்டு நகராதீர்கள். பக்கவாட்டில் போனால்தான் தலைப்பாகை போலச் சுருட்டிய சடையின் கனம் புரியும்.

பலரும் ஏமாறுவது டிக்கெட்டில். கலைக்கூடத்துக்குத் தனி, மராட்டா தர்பாருக்குத் தனி. தர்பாரின் வண்ணத் தூண்களைப் பார்த்ததும் 'அரண்மனை முடிந்தது' என்று வெளியேறி, செப்புச்சிலைகளைத் தவறவிடுகிறார்கள். கலைக்கூடத்தை முதலில் முடியுங்கள். அரண்மனை வளாகத்திலேயே உள்ள சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் புதன் விடுமுறை. பெரிய கோயில் நடை மதியம் சாத்துவதால், காலையில் கோயில், பிறகு அரண்மனை என்று வைத்துக்கொள்வது நல்லது.

பத்மநாபபுரத்தில் கதை தலைகீழ். வீடுதான் காட்சிப்பொருள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். இருப்பது கன்னியாகுமரி மாவட்டம், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. மேலே அண்ணாந்தவர்கள் கீழே பார்க்க மறக்கிறார்கள். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து மெழுகிய கருந்தரை என்கிறார்கள். முகம் தெரியும் பளபளப்பு. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும், அதனால் அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலுக்கும் எட்டும். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண அபிரக (மைக்கா) தகடுகள். வெளிச்சம் வரும், வெக்கை வராது.

இங்கே திங்கள் விடுமுறை. மதிய இடைவேளையும் உண்டு. பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் பாதியில் கிளப்பிவிடுவார்கள். காலையில் திறந்ததும் நுழைந்து, இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறி போகும் வழியில்தான் நடை. திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் விட்டுவிட முடியாது. அரண்மனையின் அடுக்குமாளிகையான உப்பரிகை மாளிகையின் உச்சி மாடியில் உள்ள சுவரோவியங்களைப் பொதுவாகப் பார்க்க விடுவதில்லை. அதை நம்பிப் போகாதீர்கள்.

பத்மநாபபுரத்தில் செங்குத்தான மரப்படிகள், குனிந்து நுழையும் வாசல் நிலைகள், நிறைய நடை. முழங்கால் வலியோடு வரும் பெரியவர்களுக்குத் தஞ்சைதான் சரி. மற்றபடி, அரண்மனை என்ற சொல்லுக்காகப் போகிறவர்களுக்குத் தஞ்சை ஏமாற்றும். அவர்கள் போக வேண்டியது பத்மநாபபுரம்: நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறி, தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள்.