ஜாங்கோவில் நேரத் தாக்குதல்: லாகின் தாங்கும், ரீசெட் தாங்காது

ஓர் இணையதளத்தின் சர்வர் பதில் சொல்ல எடுக்கும் நேரத்தை வைத்தே ஒருவருக்கு அங்கே கணக்கு இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம்; இதுதான் நேரத் தாக்குதல். இந்த விஷயத்தில், பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவின் லாகினை நம்பலாம். பாஸ்வேர்ட் ரீசெட்டை அப்படியே விட முடியாது.

5.2 பதிப்பில் ஒரு பாஸ்வேர்டைச் சரிபார்க்க பிபிகேடிஎஃப்2 (பாஸ்வேர்டைத் திருப்ப முடியாத குறியீடாக, அதாவது ஹாஷாக, மாற்றும் முறை) 10 லட்சம் சுற்று ஓடுகிறது. இல்லாத பயனருக்கு இந்த வேலையை விட்டுவிட்டால், சட்டென்று வரும் பதிலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பயனர் கிடைக்காவிட்டாலும் மாடல்பேக்எண்ட் (ஜாங்கோவில் லாகினைச் சரிபார்க்கும் பகுதி) அந்தப் பாஸ்வேர்டை ஒருமுறை சும்மா ஹாஷ் செய்கிறது. இதிலும் ஓட்டைகள் இருந்தன. குறைந்த சுற்றில் போட்ட பழைய ஹாஷ் உள்ள கணக்குகளில் பதில் சீக்கிரம் வந்தது; 2016இல் 1.8.10, 1.9.3 பதிப்புகளில் அடைத்தார்கள். பாஸ்வேர்டே வைக்காத கணக்குகளும் இதேபோல் மாட்டின; அது 2024இல், 4.2.14, 5.0.7 பதிப்புகளில் சரியானது.

கெடுப்பது பெரும்பாலும் நாமே எழுதும் பேக்எண்ட். மொபைல் எண்ணில் லாகின் வேண்டும் என்று எழுதுவோம். எண் இல்லையென்றால் அங்கேயே ரிட்டர்ன் அடித்துவிடுவோம். அதற்கு முன் வெற்றுப் பயனர் ஆப்ஜெக்டில் செட்_பாஸ்வேர்டை ஒருமுறை அழைத்தால் போதும்; அதே ஹாஷ் வேலை நடந்துவிடும். கணக்கு முடக்கப்பட்டதா என்ற சோதனையும் பாஸ்வேர்டைப் பார்த்த பிறகே வர வேண்டும்.

ஏபிஐ டோக்கன், வெப்ஹுக் (வேறொரு சேவை நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் தகவல்) கையொப்பம் போன்ற ரகசியங்களை ஒப்பிட == வேண்டாம்; எங்கே வேறுபட்டாலும் ஒரே நேரம் எடுக்கும் ஜாங்கோவின் கான்ஸ்டன்ட்_டைம்_கம்பேர் இருக்கிறது. அதே வேலைக்கான பைத்தானின் கம்பேர்_டைஜஸ்டைச் சரங்களோடு நேரடியாக அழைத்தால், ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத ஓர் எழுத்து வந்தாலே டைப்எரர் என்ற பிழை விழும். ஜாங்கோவுடையது முதலில் பைட்டாக மாற்றிக்கொள்வதால் அந்தத் தொல்லை இல்லை.

ரீசெட்டில் மின்னஞ்சல் அனுப்பும் நேரம், இருக்கும் முகவரிக்கு மட்டும் கூடுகிறது. ஜாங்கோ ஆவணமே இதை எச்சரித்துவிட்டு, பின்னணியில் அனுப்பச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. அனுப்புவதை மட்டும் செலரிக்கு (வேலைகளை வரிசையில் வைத்துப் பின்னணியில் செய்யும் கருவி) தள்ளினால் டோக்கன் உருவாக்கும் நேரம், டெம்ப்ளேட் ரெண்டர் ஆகும் நேரம் இன்னும் தெரியும். முகவரியை மட்டும் க்யூவில் போட்டு, பயனரைத் தேடுவதையே பின்னணியில் ஓடும் வொர்க்கரிடம் விடுங்கள். ஸ்லீப் போட்டு, அதாவது தற்செயலாகத் தாமதித்து, குழப்பலாம் என்று நினைக்க வேண்டாம். போதிய தடவை அளந்தால் அந்த இரைச்சல் சராசரியில் கரைந்துவிடும். எச்டிடிபி/2இல் இரண்டு கோரிக்கைகளை ஒரே பாக்கெட்டில் அனுப்பி, எந்தப் பதில் முந்துகிறது என்று மட்டும் பார்த்தே 100 நானோசெகண்ட் வித்தியாசத்தைப் பிடிக்கலாம் என்று 2020இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சோதிக்கும்போது இருக்கும் முகவரி, இல்லாத முகவரி என்று மாற்றி மாற்றி அனுப்பி, சராசரியை விட்டு மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) ஒப்பிடுங்கள்.