ஆறடிப் பவளத் தொட்டி, முத்தியால்பேட்டை: ஐந்து வருட அனுபவம்

2021 பொங்கலுக்கு மறுவாரம், கடல் மீனும் பவளமும் வளர்க்கும் இந்தத் தொட்டியில் முதன்முறையாக உப்புத் தண்ணீர் நிரப்பினேன். ஐந்து வருடம் ஓடிவிட்டது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். மேல் தொட்டியின் தண்ணீர் வழிந்து வந்து வடிகட்டப்படும் கீழ்ச் சம்ப் தொட்டிகளையும் சேர்த்தால் புழக்கத்தில் சுமார் 900 லிட்டர். வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடற்கரைக்கு நடந்துபோகும் தூரம். பெரிய தொட்டி வைக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் மீனைப் பற்றியோ விளக்கைப் பற்றியோ பேசுவதில்லை. கார்த்திகையில் புயல் வந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை என்றால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பேன். அதற்குப் பதில் கையில் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கேள்வி எனக்குக் கடலூரில் பிறந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது மஞ்சக்குப்பத்தில் அப்பா வீட்டில் இருந்தேன். அப்பா ஒரு மூன்றடி நன்னீர்த் தொட்டி வைத்திருந்தார். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினோரு நாள் ஆனது. முதல் இரண்டு நாள் அப்பா சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். நாங்களும் முறை வைத்து ஊற்றினோம். மூன்றாம் நாள் குடிக்கிற தண்ணீருக்கே அலைய வேண்டி வந்தது, தொட்டிப் பக்கம் யாரும் நிற்க முடியவில்லை. பெரிய மீன்கள்தான் முதலில் போயின.

கடல்நீர்த் தொட்டியில் இது இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். 26 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.6 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் 6.2. மேற்பரப்பு அலையாமல் நின்றுவிட்டால் உள்ளே இருப்பதை மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து சில மணி நேரத்தில் தீர்த்துவிடும்.

இடம் பார்ப்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. கண்ணாடி, தண்ணீர், கல், மணல் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் டன்னுக்கு மேல் வருகிறது. தொட்டி நிற்கும் இடம் ஒன்றரைச் சதுர மீட்டர்கூட இல்லை. ஆக, சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கும் அதிகம். வீட்டு மாடித் தளங்களுக்கு இந்தியத் தரநிலை எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. மாடியில் வைக்கவே கூடாது என்றில்லை. ஆனால் பீம் எங்கே போகிறது என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கீழ்த் தளத்திலேயே வைத்தேன்.

ஸ்டாண்டுக்கு இரும்பு வேண்டாம் என்று முடிவெடுத்தது இந்தத் திட்டத்திலேயே நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. கடற்காற்றில் பெயின்ட் அடித்த இரும்பு மூன்றாம் வருடமே வெல்டிங் வைத்த இடத்தில் பொரிய ஆரம்பிக்கும். அதன் மேல் உப்புத் தண்ணீரும் சொட்டினால் கேட்கவே வேண்டாம். கொத்தனாரை வைத்து மூன்று செங்கல் சுவர் எழுப்பி, மேலே கடப்பா கல் பதித்து, கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தெர்மாகோல் விரித்தோம். “ரசமட்டம் ஒரு நூல்கூடப் போகக் கூடாதுண்ணு சொல்றீங்க, இல்லக்கா?” என்று அவர் நான்கு தடவை கேட்டுவிட்டு நான்கு தடவையும் வைத்துக் காட்டினார். சுவர்களுக்கு இடையில் இரண்டு பொந்துகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன சம்ப், இரண்டையும் குழாய் இணைக்கிறது. ஒரே நீள சம்ப் வைத்தால் பின்னாளில் வெளியே எடுக்கவே முடியாது. சம்பில் எப்போதும் 60 லிட்டருக்கு இடம் காலியாக இருக்கும். கரண்ட் போனால் மேல் தொட்டியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் இறங்கும். அதுவே 40 லிட்டர். இந்தக் கணக்கைப் போடாதவர்கள் வீட்டில் முதல் மின்வெட்டு அன்றே கூடம் நனைகிறது.

தண்ணீர். கடல் பக்கத்திலேயே இருக்கும்போது உப்பு எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் ஒன்பது மாதம் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து போகும் படகு ஒன்றில் கேன் கொடுத்தனுப்பி, கரையிலிருந்து தள்ளி மொண்டு வரச் சொன்னேன். சித்திரை, வைகாசியில் அருமையான தண்ணீர். ஒரு வாரம் இருட்டில் வைத்து வடிகட்டினால் போதும். ஐப்பசி பிறந்ததும் கதை மாறியது. ஆற்று வெள்ளமெல்லாம் கடலில் சேர்கிற காலம். நல்ல தண்ணீரை 1 என்று கொண்டால், கடல் தண்ணீரின் அடர்த்தி 1.025-லிருந்து 1.021-க்கு வந்துவிட்டது, கலங்கல் வேறு. “இப்ப எங்க மொண்டாலும் செம்மண் தண்ணிதான் அக்கா, தை மாசம் வாங்க” என்று படகுக்காரத் தம்பி நேர்மையாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து செயற்கை உப்புதான். பதினைந்து நாளைக்கு ஒரு முறை 90 லிட்டர் மாற்றுகிறேன், அதற்கு மூன்றே கால் கிலோ உப்பு.

உப்பு கரைக்கும் தண்ணீர் ஆர்ஓ தண்ணீராக இருந்தால் மட்டும் போதாது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 850. சமையலறை ஆர்ஓ மிஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைக் கலந்துவிடும் திருகு இருக்கும். அந்தத் தண்ணீர் பாசிக்குத்தான் விருந்து. தனி ஆர்ஓ, அதன் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துவைக்கும் டிஐ ரெசின், மீட்டரில் சுழியம் காட்டும் வரை விடுவதில்லை.

அடுத்து சூடு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் சாமான் பட்டியலில் ஹீட்டர் தவறாமல் இருக்கும். மார்கழி விடியற்காலையில்கூட என் தொட்டி 24.5-க்குக் கீழே போனதில்லை, ஹீட்டர் வாங்கவே இல்லை. அந்தக் காசையும் சேர்த்துத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரில் போட்டேன். மேலே ஃபேன் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஃபேன் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மந்தம். நான் ஒரு கோடை முழுக்கப் பார்த்தேன், ஒன்று, ஒன்றரை டிகிரிக்கு மேல் இறங்கவில்லை. கத்திரி வெயிலில் மேற்குக் காற்று அடித்து, கடற்காற்று பிற்பகல் வரை உள்ளே வராத நாட்களில் அறையே 35 டிகிரி.

அரை எச்பி சில்லர் வைத்திருக்கிறேன், வெளியே வராந்தாவில். உள்ளே வைத்தால் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்ளேயே கக்கும். ஆனால் வராந்தா கிழக்குப் பார்த்தது. மூன்றாம் வருடம் உப்புக் காற்றில் கண்டென்சர் தகடுகள் பொடிந்து உதிர்ந்து, கேஸ் போய்விட்டது. விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாரன்டியும் முடிந்திருந்தது. கண்டென்சரை மாற்றி, காற்று நேராக அடிக்காதபடி தட்டி கட்டி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுகிறேன். கடற்கரை வீட்டுக்காரர்கள் முதல் மாதத்திலிருந்தே இதைச் செய்யுங்கள். கூடவே ஸ்டெபிலைசரும், தாமதித்து ஆன் ஆகும் டைமரும் போடுங்கள். கரண்ட் போய்ப் போய் வந்தால் கம்ப்ரசர் தாங்காது.

விளக்கு 300 வாட் ஒன்பது மணி நேரம், பம்புகள் எல்லாம் சேர்ந்து 135 வாட் நாள் முழுக்க. மே மாதத்தில் சில்லரும் பன்னிரண்டு மணி நேரம் ஓட, நாளுக்கு 11 யூனிட்டைத் தாண்டுகிறது, மாதம் 340. மார்கழியில் 205. இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் தொட்டி வாங்க வேண்டும். என் வீட்டுக்காரர் மின்கட்டணச் சீட்டுகளை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார், எந்த மாதம் சில்லர் திணறியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

2023 கத்திரியில் எங்கள் பகுதி டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. தொட்டிக்குள் தண்ணீரை அலையவைக்கும் அலைப் பம்பு பேட்டரியில் ஓடியது, ஆனால் தண்ணீர் 26.5-லிருந்து 29-ஐத் தாண்டியது. துறைமுகத்துப் பக்கம் படகுகளுக்கு ஐஸ் பார் விற்கும் இடத்துக்கு ஓடினோம். கணக்கு இதுதான்: 900 லிட்டரை ஒரு டிகிரி இறக்க 900 கிலோ கலோரி, உருகும் ஐஸ் கிலோவுக்கு 80 கிலோ கலோரியை இழுத்துக்கொள்ளும், டிகிரிக்குப் பதினோரு கிலோ. பாதி பார் உடைத்து, இறுக மூடிய டப்பாக்களில் போட்டு சம்பில் மிதக்கவிட்டேன். ஐஸை நேராகப் போடக் கூடாது, அது என்ன தண்ணீரில் செய்தது என்று தெரியாது, உப்பும் இறங்கிவிடும்.

பேட்டரி ஏற்பாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வீட்டு இன்வெர்ட்டரில் தொட்டியையும் மாட்டிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே 20 வாட்டுக்கு மேல் தின்கிறது. எனக்கு வேண்டிய அலைப் பம்போ பாதி வேகத்தில் 15 வாட். அதுவும் 24 வோல்ட் டிசி. பேட்டரி டிசி, பம்பும் டிசி, நடுவில் ஏசியாக மாற்றித் திரும்ப டிசியாக்குவது வீண். அதனால் 150 ஏஎச் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, ஃபியூஸ் போட்டு, வோல்டேஜ் சீராக்கி ஒன்று வைத்து நேராகப் பம்புக்குக் கொடுத்தேன். சீராக்கி அவசியம், சார்ஜ் ஏறும்போது 24 வோல்ட் பேட்டரி 27-க்கு மேல் காட்டும், பம்பின் சர்க்யூட் போய்விடும். பாதி சார்ஜை மட்டும் எடுத்தால்கூட இரண்டு பம்பு இரண்டு நாளுக்கு மேல் ஓடும். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பு, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், விளக்கு எதுவும் இதில் இல்லை. தண்ணீர் அலைந்தால் போதும்.

கல்லும் பவளமும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே பாறைப் பவளங்கள் அத்தனையும், கடல் விசிறியும் சேர்க்கப்பட்டுவிட்டன. கடல் அட்டை, கடல் குதிரைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. நம் கடலிலிருந்து உயிரோடு எடுப்பது மட்டுமல்ல, செத்த பவளக் கல்லை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆனாலும் தொட்டி வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் பவளக் கல் வேண்டுமா என்று யாராவது ஒருவர் போனில் படம் அனுப்புவார். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படித்த நமக்கு, அவற்றில் இரண்டு மூழ்கிப்போனதும், சுண்ணாம்புக்காகப் பல வருடம் பவளப்பாறை வெட்டப்பட்டதும் தெரிந்திருக்க வேண்டும்.

என் தொட்டியில் இருக்கும் கல் நான் செய்தது. வெள்ளை சிமென்ட், நொறுக்கிய சிப்பி ஓடு, நடுவில் துளை விழுவதற்குக் கல் உப்பு. ஈர மணலில் குழி பறித்து வார்த்தேன். சிமென்டின் காரம் போக மொட்டை மாடியில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றிப் பத்து வாரம் காத்திருந்தேன். ஒரு வருடத்தில் அதன் மேல் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படர்ந்தது. இன்று பார்ப்பவர்கள் இதை வார்த்த கல் என்று நம்புவதில்லை. அதன் மேல் சோயாந்திட், காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள் மட்டும், அவையும் மற்ற தொட்டிக்காரர்களிடமிருந்து வெட்டி வாங்கிய துண்டுகள். தோல் பவளம் ஒன்று கட்டைவிரல் அளவில் வந்தது, இன்று சாப்பாட்டுத் தட்டு அளவு. கோமாளி மீன் ஜோடி தொட்டியிலேயே பிறந்த குஞ்சுகளாக வந்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன் இனப்பெருக்கத்தைச் செய்து காட்டிய பிறகு, கடலிலிருந்து பிடித்ததை வாங்க எந்தக் காரணமும் இல்லை.

மென்பவளத்துக்குச் சுண்ணாம்புச் சத்து அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டால் அறையில் கரியமில வாயு ஏறி தண்ணீரின் பிஎச் 7.9-க்கு இறங்குகிறது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிவு நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன், 8.2-ல் நிற்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். காரத்தன்மையை அளக்க ஹன்னா கம்பெனிக் கருவி, மற்றவற்றுக்கு சாலிஃபெர்ட் கம்பெனியின் சோதனைப் பெட்டி. இரண்டும் என்னை ஏமாற்றியதில்லை.

பெரிய நஷ்டம் 2022-ல் வந்தது. ஒரு கடையிலிருந்து வந்த மீனைத் தனித் தொட்டியில் வைக்காமல் நேராக விட்டேன். ஆறாம் நாள் வெள்ளைப் புள்ளி நோய், ஒட்டுண்ணியால் வருவது. ஐந்து மீன் போயின. மிச்சமிருந்ததைப் பிடித்து வேறு தொட்டியில் தாமிர மருந்தில் வைத்து, பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் ஓட்டினேன், ஒட்டுண்ணி பட்டினியில் சாக வேண்டும் என்று. அந்த இரண்டரை மாதம் பவளம் மட்டும் அசைந்துகொண்டிருந்த தொட்டியைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. இப்போது எது வந்தாலும் ஒரு மாதம் தனி அறை.

பிறகு 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் நின்றுவிட்டது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. சனிக்கிழமை மாலையே கரண்ட் போனது. இரவு வராந்தாவுக்குத் தண்ணீர் ஏறி, சில்லர் வைத்திருந்த இரண்டடிச் செங்கல் மேடையில் பாதி வரை வந்தது. கூடத்துக்குள் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பம்பும் ஓடிக்கொண்டிருந்தன, தண்ணீரின் மேல்தோல் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. குளிர் காற்றில் சூட்டுப் பிரச்சினை இல்லை. தீனி போடவில்லை. அப்பா கடலூரிலிருந்து போன் கிடைத்தபோதெல்லாம், “மேல தண்ணி அசையுதா பாரும்மா” என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை காலை கரண்ட் வந்தது, 38 மணி நேரம் கழித்து. நின்றுபோன குழாய்களில் இருந்த தண்ணீர் நாறியது. அதை வாளியில் பிடித்துக் கொட்டிவிட்டுத்தான் ரிட்டர்ன் பம்பைப் போட்டேன். பேட்டரி 24.4 வோல்ட் காட்டியது. ஒரு மீனும் போகவில்லை. தோல் பவளம் நான்கு நாள் சுருங்கிக் கிடந்து, ஐந்தாம் நாள் விரிந்தது.

தொடக்கச் செலவு நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். மறுபடி செய்தால் சில்லருக்குத் தெற்குச் சுவர்ப் பக்கம் இடம் ஒதுக்குவேன், விளக்கில் மூன்றுக்குப் பதில் இரண்டே வாங்குவேன். மென்பவளத்துக்கு இவ்வளவு வெளிச்சம் தேவைப்படவில்லை. பேட்டரிகளுக்கு ஐந்து வயது ஆகிறது. இந்த ஆவணிக்குள், மழை தொடங்கும் முன், இரண்டையும் மாற்றப்போகிறேன்.