பஸ்காக்ஸா, ஸ்பெக்ஸா?

பாப் இசையை வைத்துச் சிரிக்கவைக்கும் வினாடி வினா பார்க்க ஆசைப்படுபவர்கள் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்: பிரிட்டனின் 'நெவர் மைண்ட் த பஸ்காக்ஸ்', ஆஸ்திரேலியாவின் 'ஸ்பிக்ஸ் அண்ட் ஸ்பெக்ஸ்'.

ஓட்டம்:
பஸ்காக்ஸ் – பிபிசியில் 1996 முதல் 2015 வரை. 2021இல் ஸ்கை தொலைக்காட்சியில் மறுபிறப்பு.
ஸ்பெக்ஸ் – ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2005இல் தொடக்கம். 2011இல் நின்று, பிறகும் திரும்பி வந்தது.

குணம்:
பஸ்காக்ஸில் நையாண்டி கூர்மையானது. சைமன் ஆம்ஸ்டெல் தொகுத்த காலத்தில், 2007இல், கேலி பொறுக்காத பாடகர் ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். எனக்கு அது எல்லை மீறலாகவே படுகிறது.
ஸ்பெக்ஸில் தொகுப்பாளர் ஆடம் ஹில்ஸ் விருந்தாளியை வீட்டுக்கு வந்தவர்போல நடத்துவார்.

சுற்றுகள்:
பஸ்காக்ஸில் இருவர் வாயாலேயே கிடாரும் டிரம்ஸும் வாசிக்க, மூன்றாமவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காலத்துப் பிரபலத்தை ஐந்து பேர் வரிசையில் அடையாளம் காட்டும் சுற்றும் உண்டு. மறக்கப்பட்ட அந்த முகத்தைப் பார்க்கையில் மனம் கனக்கும்.
ஸ்பெக்ஸில் பாட்டோடு ஒட்டே இல்லாத ஒரு புத்தகத்தின் வரிகளை அந்தப் பாட்டின் மெட்டில் பாடுவார்கள்; அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். சொற்கள் மெட்டுக்குள் அடங்காமல் திணறும். ஆனாலும் மெட்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இசையின் வலிமையை இதைவிட அழகாக உணர்த்த முடியாது.

பிரிட்டிஷ் பாப் உலகம் பழகியவர்களுக்கு, காரமான பேச்சை ரசிப்பவர்களுக்கு பஸ்காக்ஸ். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஸ்பெக்ஸ். என் ஓட்டு ஸ்பெக்ஸுக்கே.