கல்லடி வீட்டில் மூன்று அக்சஸ் பொயின்ட்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீடு மூன்று தட்டு. தட்டுக்கு ஒன்றாக மூன்று அக்சஸ் பொயின்ட் (வைஃபை சிக்னல் பரப்பும் பெட்டி) பூட்டி, மாரியும் கோடையும் பார்த்தாயிற்று. வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் விசாரிக்கிறார்கள். படியேறும்போது போன் ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முன்பு கீழே ஒரு றவுட்டர், மேலே அதன் சிக்னலை நீட்டிக் கொடுக்க வேறு பெயரில் ஒரு எக்ஸ்டென்டர். லண்டனிலிருந்து அக்கா வட்ஸ்அப்பில் எடுத்தால், அம்மா போனைக் கையில் பிடித்தபடியே மேலே வருவார். பாதிப் படியில் "மனே, அக்காட முகம் அப்படியே நிண்டுட்டு" என்று சத்தம் வரும். மேலே எக்ஸ்டென்டர் பக்கத்திலேயே இருக்கும். போனோ கீழ் றவுட்டரை விடாது.

காரணம், எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான். அக்சஸ் பொயின்ட் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள், -50ஐ விட -70 பலவீனம். ஐபோன் சிக்னல் -70 டிபிஎம்முக்குக் கீழே போன பிறகே வேறு இடம் தேடத் தொடங்கும். டேட்டா ஓடிக்கொண்டிருந்தால், புதியது குறைந்தது 8 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் தாவும். சும்மா இருந்தால் 12. அன்ட்ரொயிட்டில் இது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும்.

அதனால் எங்களுக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது பவரைக் குறைத்ததுதான். மூன்றும் முழுப் பலத்தில் இருந்தபோது, கீழ்த் தட்டின் சிக்னல் படிக்கட்டு வழியாக மேலேயும் நன்றாகவே கேட்டது. போன் ஏன் மாறப்போகிறது? ஆனால் போன் அனுப்பும் சிக்னல் பலவீனமானது, அது கீழே ஒழுங்காகப் போய்ச் சேராது. திரையில் கோடுகள் இருக்கும், கதை விட்டு விட்டுக் கேட்கும். வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹேட்ஸைக் குறைந்த பவருக்கும் 5 கிகாஹேட்ஸை நடுத்தரத்துக்கும் இறக்கினோம். பிறகு சிக்னல் பலத்தைக் காட்டும் வைஃபை அனலைசர் அப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படியேறிப் பார்த்தேன். கீழ் வாசலில் -48, படி திரும்பும் இடத்தில் -66, இன்னும் சில படி ஏற -73. அடுத்த கணம் பெயர் மாறாமலே இலக்கம் -51 ஆனது. கோலில் ஒரு சொல்கூட விழுங்கப்படவில்லை.

மற்றவை சுலபம். மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு முறை. ஐபி முகவரி கொடுப்பது ஒரேயொரு றவுட்டர். ஒவ்வொன்றும் தனித்தனி றவுட்டராக நின்றால், தாவும்போது முகவரி மாறி, கோல் அறுந்துவிடும். 2.4இல் சனல் 1, 6, 11 என்று பிரித்துக் கொடுத்தால் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்யாது.

802.11 என்ற வைஃபை தரத்தில் கே, வி, ஆர் என்று மூன்று வசதிகள் பற்றிப் பெரிதாகச் சொல்வார்கள். கே, அக்கம்பக்கத்து அக்சஸ் பொயின்ட்களின் பட்டியலைப் போனுக்குக் கொடுக்கிறது. வி, "அங்கே போ" என்று யோசனை சொல்கிறது. இரண்டும் எங்கள் வீட்டில் ஓடுகின்றன, பிரச்சினை இல்லை. ஆர், மாறும்போது நடக்கும் பாதுகாப்புச் சாவிப் பரிமாற்றத்தைச் சுருக்குகிறது. ஆளுக்கொரு லொகின் உள்ள அலுவலகத்தில் அதன் அருமை தெரியும். ஒரே பாஸ்வேர்ட் உள்ள வீட்டில் அது இல்லாமலே மாற்றம் சட்டென்று முடிகிறது. எங்களிடம் ஆரைப் போட்டவுடன் பழைய பிரின்டர் இணைய மறுத்தது, எடுத்துவிட்டோம். சிக்னல் குறைந்த போனைத் தானே வெட்டிவிடும் வசதியும் உண்டு. மூலை முடுக்கெல்லாம் சிக்னல் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். அதைப் போட்டபோது எங்கள் குசினிப் பின்பக்கத்தில் போன் எதிலுமே ஒட்டாமல் நின்றது.

றவுட்டரிலிருந்து அக்சஸ் பொயின்ட்களுக்குக் கேபிள் இழுத்துப் பூட்டியது வீண்போகவில்லை. ஆனால் கடல் பக்கத்தில் இருப்பவர்கள் நுனியைக் கவனியுங்கள். மேல் தட்டில் வேகம் திடீரென்று இறங்கியபோது பார்த்தால், இணைப்பு 1000இலிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு விழுந்திருந்தது. வெளியே இருந்த கேபிள் நுனியின் உலோகப் பற்களில் பச்சை பிடித்திருந்தது. புது நுனி அடித்து, மூடிய பெட்டிக்குள் வைத்த பிறகு சரி.

இன்னும் அடங்காதது ஒரு பழைய லப்டொப். கீழே பிடித்ததை மேலே வந்தும் விடாது. வைஃபையை ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும். அதன் வைஃபை கார்ட்டை மாற்றாமல் வழியில்லை.

புதிதாகப் பூட்டுபவர்கள், வேலை செய்ய வருபவரிடம் பவரைக் குறைக்கச் சொல்லி, வீடியோ கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரோடு எல்லாத் தட்டும் ஏறி இறங்குங்கள். மிச்சக் காசை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.