சவலைக் குஞ்சு: தாய்க்கோழியோடா, பெட்டியிலா?

நுவரெலியாப் பக்கம் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கும் மாதங்களில், ஒரு குஞ்சு மட்டும் வளராமல் நின்றால் என்ன செய்வது?

தாயின் சிறகுச் சூடு கரண்ட் போனாலும் குறையாது. ஆனால் தீனியில் பெரிய குஞ்சுகள் முந்தும், கொத்தும். ஈரப்புல்லில் பின்தங்கும் சவலை விறைத்துவிடும்.

பல்ப் போட்டுச் சூடேற்றும் பெட்டியில் முதல் வாரம் 35 பாகை, பிறகு வாரம் 3 பாகை குறைக்கலாம். பல்ப் ஒரு மூலையில் மட்டும். சூடு கூடினால் விலகிப்போக இடம் வேண்டுமே. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். பின்புறம் எச்சம் ஒட்டினால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். தனியே விட்டால் கத்திக்கொண்டே இருக்கும் (லயத்து வரிசை வீடெல்லாம் தூங்காது!), சாதுவான இன்னொரு குஞ்சைத் துணைக்கு விடுங்கள்.

மழைக்காலத்தில் என் ஓட்டு பெட்டிக்கே. ஆனால் ஒன்று, பல நாள் பிரித்த குஞ்சைத் தாய் திரும்பச் சேர்க்காமல் கொத்தி விரட்டலாம்.